காரணிகனைத் தேடிய அவைகள்

மதுரைச் சங்கத்தைப் பற்றி வழங்கும் கதைகளுள் சங்கப்பலகைக் கதையை அறியாதார் இலர். தகுதியுடையார்க்கு மட்டும் இடங்கொடுத்து நீளும் அப்பலகை, கூட்டம் நடத்திக் களைத்த யாரோ ஒருவர் கண்ட கனவு என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. யாரை அமர்த்துவது, யாரை விலக்குவது என்னும் சங்கடத்தைப் புலவர்கள் ஒரு மரப்பலகையின்மேல் ஏற்றிவிட்டுத் தாம் தப்பித்துக்கொண்டார்கள்.

இதனினும் பொருள் பொதிந்தது இறையனார் களவியல் உரை கூறும் செய்தி. அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப்புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று துணிய இயலாமல், ஒரு 'காரணிகனை'த் தருமாறு இறைவனை வேண்டினர். கிடைத்தவன் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன், ஐந்து வயதுச் சிறுவன், வாய் பேசாதவன். அவனை இருக்கையில் அமர்த்திப் புலவர் ஒவ்வொருவரும் தம் உரையைப் படித்தனர். மருதனிளநாகனார் உரையில் சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரையில் சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான் என்பது வரலாறு. கதை நிகழ்ந்ததா என்பது வேறு வினா. நாற்பத்தொன்பது புலவர் கூடிய இடத்தில் எல்லாரும் ஒப்பும் நடுவர் ஒருவர் வேண்டுமாயின், அவர் பேசாதவராக இருத்தல் நலம் என்று கதை கட்டியவர் அறிந்திருக்கிறார். இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தின் கூட்டங்களை நடத்தியவர்கள் இவ்விடத்தில் புன்னகை புரிவார்கள்.

தமிழ் மரபு அவையில் பேசுவார்க்கு நிரம்பக் கற்பித்திருக்கிறது. வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என ஈரதிகாரம் வகுத்து இருபது குறள் பாடினார். நூல் செய்வார் அவையடக்கம் பாடினர். ஆயின், அவையை நடத்துபவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இவ்வளவு விரிந்த இலக்கணம் வகுக்கப்படவில்லை. நானறிந்த அளவில் மிகப் பழைய குறிப்பு மணிமேகலையில் இருக்கிறது. இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவுக்கு முரசறைவோன் புகார் நகரத்தார்க்கு விடுக்கும் அறிவிப்பில், சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறைமை அறிந்து ஏறுக என்கிறான். பகைவரோடேயாயினும் சினமும் பூசலும் செய்யாது விலகிப் போக என்றும் கூறுகிறான். அவன் வாதத்தைத் தடுக்கவில்லை. வேண்டியவன் ஏறலாம், ஆனால் முறையறிந்து ஏற வேண்டும் என்கிறான். முரண்பட்டவன் விலகலாம், ஆனால் கலகமின்றி விலக வேண்டும் என்கிறான். சோழர் தலைநகரில் யானைமேல் முரசேற்றி அறிவிக்க வேண்டிய அளவுக்கு அக்காலத்தும் இது தொல்லையாக இருந்திருக்கிறது போலும்.

முரசறைவோன் இல்லாத அவை எங்கே போய் முடியும் என்பதற்கு அருட்பா மருட்பாப் போர் சான்று. 1867-இல் திருவருட்பா அச்சேறியது. ஆறுமுக நாவலர் தரப்பின் மறுப்பு எழுந்தது. பொதுவான அவையோ இருதரப்பும் ஒப்பும் காரணிகனோ இல்லாமையால் வாதம் துண்டறிக்கைகளிலும் கண்டன நூல்களிலும் பெருகி, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை எட்டியது. இருவர் காலத்துக்குப் பின்னும் அது ஓயவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பாலாற்றங்கரையில் வேலூர் முதல் வாணியம்பாடி வரை தோல் தொழில் வளர்ந்த ஊர்களில் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. ஆகவே நம்மவர்க்குக் கவியரங்கம் போலவே முஷாயிராவும் அயலன்று. அவை நடத்தும் கலையில் அம்மரபு நமக்கு மூத்தது என்றே சொல்வேன். நாம் குறளில் அடக்கிய அறிவுரையை அவர்கள் நடைமுறை ஆக்கிக்கொண்டார்கள். பழைய தில்லி முஷாயிராக்களில் எவர் முன் மெழுகுவத்தி நகர்த்தி வைக்கப்படுகிறதோ அவரே பாட வேண்டும். இளையோர் முதலிலும் மூத்தோர் இறுதியிலும் பாடுவர். தரஹீ முஷாயிராவில் ஓரடி முன்கூட்டியே அறிவிக்கப்படும். அதன் யாப்பும் காஃபியா என்னும் இயைபும் ரதீஃப் என்னும் ஈற்றுச்சொல்லும் பிறழாமல் அனைவரும் கஜல் யாத்து வர வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் நம் வழக்கத்துக்கு இது உடன்பிறப்பு. இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அனைவர்க்கும் ஒரே அடி தரப்பட்ட பின், யார் பாடலைத் தள்ளுவது என்று நடத்துபவர் தம் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அடியே சொல்லிவிடும்.

அங்கும் பூசல் நேர்ந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லக்னோவில், இளவரசர் சுலைமான் ஷிகோவின் ஆதரவில் இருந்த இன்ஷாவும் முஸ்ஹஃபியும் முஷாயிராவில் தொடங்கிய பகையை வசைப்பாடல்களாக வளர்த்துத் தெருவில் ஊர்வலமாக்கினார்கள். 1874-இல் லாகூர் அஞ்சுமனே பஞ்சாப் அமைப்பினர் அடி கொடுப்பதை விடுத்துப் பொருள் கொடுத்துப் பாடச் செய்தனர். மழைக்காலம், தாய்நாட்டுப் பற்று போன்ற தலைப்புகளில் ஆசாதும் ஹாலியும் பாடினார்கள். உருதுக் கவிதையின் போக்கை மாற்றிய அக்கூட்டங்கள் ஓராண்டளவே நீடித்தன. நன்மை செய்த அவைகள் எல்லாம் நெடுநாள் வாழ்ந்தவை அல்ல என்பது வரலாற்று மாணவிக்கு ஓர் ஆறுதல்.

இவ்விரு மரபும் சந்தித்த இடமாக வாணியம்பாடியைச் சொல்லலாம். இசுலாமியக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் பயிற்றுவித்த கவிக்கோ அப்துல் ரகுமான், 'பால்வீதி' (1974) தந்தவர், கஜலைத் தமிழுக்குப் பழக்கியவர், கவியரங்கத் தலைமைக்கும் பெயர் பெற்றவர். கவியரங்கத் தலைவர் பாடுவோரை விரலால் அடக்குவதில்லை. ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைத்துக் கவிதையாலேயே வழியனுப்புவார். அடுத்தவரை அழைக்கும் வரியில் முன்னவர்க்குரிய நேரம் முடிந்தது என்பதும் அடங்கிவிடும். அது பெரியோர் கலை. நம்மனோர்க்குக் கைக்கடிகாரமே துணை.

நம் வட்டத்தில் கூடுவோர் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கணக்கர், காலணித் தொழிலாளர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற அஞ்சலகப் பணியாளர். கவிதை எவர்க்கும் பிழைப்பன்று; ஆகவே பிறர் குறை சொன்னால் எளிதில் புண்படுவர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்னும் விதியை முதலாண்டிலேயே எழுதிக்கொண்டோம். நான் அமைப்பாளராக இருந்த காலத்தில் அதனைக் கண்டிப்புடன் நடத்தினேன் என்று பாராட்டியோர் உண்டு. ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் இம்மலரில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

தொழிற்சாலை ஊழியர் ஒருவர் பாலாற்றைப் பற்றிப் பாடினார். தோல் கழிவுநீர் குறித்து 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசு செய்தவரே ஈடு செய்க என்னும் நெறியை நாட்டின் சட்டமாக்கியதை நாம் அறிவோம். அவர் பாட்டில் தீர்ப்பு இல்லை. ஒரு கிணறு இருந்தது. அக்கிணற்று நீரை யார் கெடுத்தார் என்பதை நோக்கி அடிகள் நகர்ந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் தொழில் நடத்துவோர் இருவர் அமர்ந்திருந்தனர். நமக்கு அரங்கு தந்து உதவுகிறவர்களும் அவர்களே. ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய ஓசை கேட்டது. நான் எழுந்து, நேரமாயிற்று என்றேன். உண்மையில் நேரம் ஆகியிருந்தது. ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கூடுதல். ஆனால் அன்றைக்கே அவருக்கு முன்பாடிய ஒருவர் எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டபோது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க அம்மா" என்று அமர்ந்தார். பூசல் இல்லை. மணிமேகலை முரசறைவோன் சொன்னபடியே கலாம் செய்யாது அகன்றார். அடுத்த திங்கள் வரவில்லை. அதன்பின் எப்போதும் வரவில்லை. அவை அமைதியாக நடந்தது என்று அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் என் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

விதியை மீறியவரை விலக்குவது அவைக்குத் தேவை. இதை நான் இன்றும் மறுக்கவில்லை. எல்லாரும் எல்லாமும் பேசும் இடத்தில் கூச்சமுள்ளவன் பாட மாட்டான். ஆயின், நேரத்துக்கென வகுத்த விதியைப் பொருளுக்கெனப் பயன்படுத்தும்போது கேட்போர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. பாடியவர்க்கும் நடத்தியவர்க்கும் தெரியும். உருத்திரசன்மன் கதையில் அச்சிறுவன் யாரையும் நிறுத்தியதாகக் குறிப்பில்லை. கண்ணீர் வாராத உரைகளையும் அவன் முழுதும் கேட்டிருக்கிறான்.

இம்மலருக்காக அப்பாடலை முழுமையாகத் தருமாறு அவருக்கு மடல் எழுதினேன். மலர் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை விடை வரவில்லை. பதிப்புக் குழுவினரிடம் ஒரு பக்கம் கேட்டுப் பார்த்தேன். வெறும் பக்கம் விட முடியாது என்றார்கள். அதுவும் ஒரு விதிதான்.