வேம்பும் இனித்தது, சுனைநீரும் உவர்த்தது

நாவின் சுவையை நெஞ்சம் மாற்றுமோ? மாற்றும் எனச் சங்கச் சான்றோர் அன்றே கண்டனர்.

குறுந்தொகை 196ஆம் பாட்டு மிளைக் கந்தனார் பாடிய மருதப் பாட்டு. மனைவியைப் பிரிந்து சென்று மீண்ட தலைவன் வாயில் வேண்டி நிற்கின்றான். தோழி மறுக்கின்றாள். முன்னர்த் தலைவி தந்த பசிய வேப்பங்காயையும் இனிய கட்டி என்று புகழ்ந்தவன், இப்போது பாரியின் பறம்புமலைச் சுனைநீரைத் தைத்திங்களிலே அவள் குளிரத் தந்தாலும், வெம்மை என்றும் உவர்ப்பு என்றும் குறை கூறுகின்றானாம். வேம்பும் மாறவில்லை, நீரும் மாறவில்லை. மாறியது அவன் அன்பே.

இதனை வெறும் உயர்வு நவிற்சி என்று வகுப்பிலே கடந்துவிடுவார் உளர். 2006இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வினை அவர்கள் நோக்குதல் நன்று. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்னும் பொருளை மூளையில் மிகுவிக்கும் மருந்தை நலமுள்ளவர்க்கு அளித்தனர். முன்னினும் 27 விழுக்காடு குறைந்த இனிப்பையும், 53 விழுக்காடு குறைந்த கசப்பையும் அவர்தம் நா உணர்ந்தது. மனக்கலக்கம் மிகுந்தோர்க்கோ கசப்பும் உப்பும் எளிதில் புலப்படவில்லை.

வேம்பு வெல்லமாகும் என்று இவ்வாய்வு நாட்டவில்லை. உள்ளத்திற்கும் நாவிற்கும் உறவுண்டு என்பதையே காட்டிற்று. ஆதலின், புலவர் கூற்றைப் புனைவென்று ஒதுக்காது, வாழ்வைக் கூர்ந்து நோக்கியதன் பயன் என்றே மாணாக்கர்க்கு உணர்த்துவோமாக.