பார்வை விலங்கும் பரமன் திருவருளும்



காட்டுப்பன்றி எளிதில் அகப்படும் விலங்கன்று. கண்ணொளியிற் குறைந்ததாயினும் மோப்பத்தில் மிக வல்லது. காற்றுத் திசைமாறி வேடனது உடல் நாற்றம் சிறிது எட்டினாலும் புதருள் மறைந்துவிடும். ஆதலின் அதனைத் துரத்திப் பிடிப்பதோடு, அது தானே நாடி வருமாறு செய்வதும் வேட்டுவர் கற்ற கலையாயிற்று. எந்த மணத்துக்கு அது அஞ்சாது? எந்தக் குரலுக்கு அது செவிசாய்க்கும்? தன் இனத்தின் மணத்துக்கும், தன் இனத்தின் குரலுக்குமே. இதனை அறிந்த நம் முன்னோர், முன்பே பிடித்துப் பழக்கிய விலங்கொன்றைக் காட்டி அதன் இனத்தை அருகில் வரச்செய்தனர். அத்தகைய விலங்குக்குப் 'பார்வை' என்பது பழந்தமிழ்ப் பெயர்.

சங்க நூல்களில் இவ்வழக்கம் தெளிவாகக் காணப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பின் விளாமரத்தடியில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வீரை வெளியனார் ஓர் அரிய காட்சியைக் காட்டுகிறார். வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். அவன் வளர்க்கும் பார்வைப் பிணையை நாடி ஒரு கலைமான் வந்து கூடி விளையாடுகிறது. அதனைக் கண்ட மனைவி, கணவன் விழித்துக்கொள்வானோ, கலைமான் பிணையைப் பிரிந்துபோகுமோ என்று அஞ்சி, ஓசை செய்யாது அடங்கி நிற்கிறாள். கொல்லும் தொழிலுக்குரிய மனையிலும் அருள் குடியிருந்தது! தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கோ வேறொரு பொறி வைத்தனர். அது பெருங்கல்லைச் சாய்த்து நிறுத்திய 'அடார்'. பன்றிக்கு வைத்த அடாரில் புலி அகப்பட்ட செய்தியை நற்றிணை 119ஆம் பாட்டிற் காணலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தெய்வச் சேக்கிழார் கண்ணப்ப நாயனார் புராணம் பாடும்போது, பொத்தப்பி நாட்டு உடுப்பூரை நம் கண்முன் நிறுத்துகிறார். அங்கே விளாமரக் கிளைகளில் வார்வலைகள் தொங்குகின்றன. மான் மட்டுமன்று, பன்றி, புலி, கரடி, கடமை ஆகியவையும் அங்கே பார்வையாக நிற்கின்றன. அவ்வேட்டுவர்க்கும் ஓர் அறம் இருந்தது. யானைக் கன்றைத் தொடரார். சிறு குட்டிகளைக் கொல்லார். கருவுற்றுத் தளர்ந்த பிணையை வருத்தார் என்று சேக்கிழார் பெருமானே எடுத்துரைக்கின்றார்.

அவ்வூரில், நாகனுக்கும் தத்தைக்கும் மகனாகப் பிறந்தவர் திண்ணனார். கன்னி வேட்டையன்று ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடியது. நாணனும் காடனும் உடன்வர, திண்ணனார் நெடுந்தூரம் அதனைத் தொடர்ந்தார். அது இளைத்து ஒரு மரச்செறிவில் நின்றபோது சுரிகையால் துணித்தார். அதனைச் சுமந்து நீர் நாடிச் சென்ற இடம் பொன்முகலியாறு. அங்கே எதிரே தோன்றியது திருக்காளத்தி மலை! அன்பர்களே, பன்றியை வேடர் பிடித்தனரா, வேடரைப் பன்றி பிடித்ததா? பார்வை காட்டிப் பிடிக்கும் ஊரில் வளர்ந்தவரை, ஒரு பன்றியைக் காட்டியே ஈசன் பிடித்துக்கொண்டான் என்று கொள்வது பொருந்தும்.

இவ்வாறு கொள்வதற்குச் சைவ சித்தாந்தத்திலும் இடமுண்டு. பதினான்காம் நூற்றாண்டில் விளங்கிய உமாபதி சிவாசாரியார், திருவருட்பயனில் 'அருளுரு நிலை' என்னும் பகுதியில் இப்பார்வையையே உவமையாக ஆளுகிறார். விலங்கைக் காட்டி விலங்கைப் பிடிப்பதுபோல, மனிதரை ஆட்கொள்ள இறைவன் மனித வடிவைப் போர்வையாகக் கொண்டு குருவாய் வருகின்றான். உலகம் அதனை உணர்வதில்லை என்பது கருத்து. வேடனது தந்திரம் வேதாகமப் பொருளுக்கு உவமையாயிற்று!

இத்திருச்சிராப்பள்ளிக் குன்றிலே எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமமும் இதனையே சொல்லவில்லையா? பேறுகால வேதனையில் தவித்த இரத்தினாவதி, தன் அன்னையின் வரவை எதிர்நோக்கியிருந்தாள். காவிரியில் வெள்ளம், அன்னை அக்கரையில் நின்றாள். ஈசன் பேரொளியாய்த் தோன்றியிருந்தால் அப்பெண் அஞ்சியிருப்பாள். ஆகவே அவள் அறிந்த முகத்தோடும், அவள் அறிந்த குரலோடும் வந்து, தாயும் ஆனான் என்பது தலவரலாறு. அப்பெருமான் பெயரைத் தாங்கிய தாயுமான சுவாமிகளும், 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையிற் பணிபுரிந்த நாளில், இவ்வூரிலேயே மௌனகுருவின் வடிவிற் கண்டுகொள்ளப்பட்டார். அந்நாயக்கரின் உருவச்சிலை இன்று திருவரங்கத்துக் கோயிலில் கைகூப்பி நிற்கிறது; மௌன மடம் மலைக்கோட்டையில் விளங்குகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நம் இனத்தின் குரலில் அழைப்பதெல்லாம் குருவாகிவிடாது. வேடன் வைத்த பார்வையும் இனிமையாகவே அழைக்கிறது. அதன் பின்னே அம்பு இருக்கிறது. குருடரைக் குருடர் வழிநடத்திக் குழியில் வீழ்வதைத் திருமூலரும் எச்சரித்தார். இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? அகப்பட்ட பின்னர் யாருக்கு ஊதியம் என்று பாருங்கள். உடுப்பூரில் அகப்பட்டது உயிரை இழந்தது. வேடன் வயிறு நிறைந்தது. திருக்காளத்தியில் அகப்பட்டவரோ, ஆறே நாளில் தம் கண்ணை இடந்து அப்பிக் கண்ணப்பரானார்; மற்றொரு கண்ணையும் இடக்கப்போன கையைப் பிடித்துத் தடுத்தது, ஆட்கொண்ட பெருமானின் திருக்கை. கேட்டுப் பெறுவது வேடன் பார்வை. கொடுக்கும் கையைத் தடுத்துக் காப்பது இறைவன் பார்வை.

இந்நாளில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. பார்வை விலங்கு நூல்களிலேயே நிற்கிறது. ஈசனது வேட்டையோ ஓயவில்லை. நம்மவர் முகம் ஒன்றைக் காட்டி அவன் அழைக்கும்போது, திண்ணனாரைப்போல மலையேறிச் சென்று அகப்படுவோமாக!

திருச்சிற்றம்பலம்.