திரை ஏன் துடிக்கிறது? 59.94 என்ற எண்ணின் கதை

உங்கள் கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் 60 ஹெர்ட்ஸ் இருக்கும். பல கம்ப்யூட்டர்களில் பக்கத்திலேயே 59.94 என்று இன்னொன்றும் இருக்கும். புது மானிட்டர் என்றால் 120, 144 என்று ஏறிக்கொண்டே போகும். "சார், இந்த நம்பரைக் கூட்டி வைத்தால் படம் மின்னுகிறது, அணைந்து அணைந்து வருகிறது" என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இயற்பியல் வாத்தியார் என்பதால் கேட்கிறார்கள். பதிலைச் சொல்லப் போனால் அது தொண்ணூறு வருடக் கதையாக நீள்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ரெஃப்ரெஷ் ரேட் என்பது ஒரு விநாடியில் திரை எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்ற கணக்கு.

1936 நவம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 405 கோடுகள், விநாடிக்கு 50 வீச்சுகள். அமெரிக்கா 1941-இல் 525 கோடுகள், 60 வீச்சுகள் என்று முடிவு செய்தது. ஏன் இங்கே 50, அங்கே 60? வீட்டுக்கு வரும் மின்சாரம்தான் காரணம். பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அன்றைய பெட்டிகளில் மின்சாரத்தின் அதிர்வு கொஞ்சம் படத்திலும் கலந்துவிடும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்தக் கறை ஒரே இடத்தில் நிற்கும், கண் அதைப் பொருட்படுத்தாது. வேறு வேறாக இருந்தால் பட்டை பட்டையாகத் திரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். நம் நாட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். அதனால் 1959-இல் டில்லியில் தொடங்கி 1975-இல் சென்னைக்கு வந்த நம் தொலைக்காட்சியும் விநாடிக்கு 50 வீச்சுதான்.

1953-இல் அமெரிக்கர்கள் வண்ணத்தைச் சேர்த்தார்கள். ஒலிக்கான அலையும் வண்ணத்துக்கான அலையும் மோதிக்கொண்டு படத்தில் புள்ளிகள் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்காக 60 என்பதை 1000-ஆல் பெருக்கி 1001-ஆல் வகுத்தார்கள். வந்தது 59.94.

கம்ப்யூட்டருக்கு இது எப்படி வந்தது? 1981-இல் வந்த ஐபிஎம் பி.சி.யின் எழுத்துத் திரை 50 ஹெர்ட்ஸ். துடிப்பு தெரியாமலிருக்க, ஒளி மெதுவாக மங்கும் பச்சைப் பூச்சைத் திரையில் பூசினார்கள். 1987-இல் அதே நிறுவனம் விஜிஏ-வைக் கொண்டுவந்தது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கண்ணுக்குத் தெரிவது 640 × 480. கற்றை ஓரத்திலிருந்து திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்தால் 800 × 525, அதாவது 4,20,000 புள்ளிகள். விநாடிக்கு அனுப்பியது 2,51,75,000 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், 59.94 வரும். தொலைக்காட்சியின் எண் கம்ப்யூட்டருக்குள் குடியேறியது இப்படித்தான்.

இதில் நமக்கென்று ஒரு தனித் தொல்லை வந்தது. மின்சாரம் 50, மானிட்டர் 60. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக் கணினி அறையில், மேசை மேலேயே மானிட்டருக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசரை வைத்திருப்பார்கள். அதன் காந்தப் புலம் எலக்ட்ரான் கற்றையை விநாடிக்கு 50 முறை இழுக்கும். படமோ 60 முறை வரையப்படும். வித்தியாசம் 10. எழுத்துகள் விநாடிக்குப் பத்து முறை நெளியும். பதினொன்றாம் வகுப்பில் இரண்டு இசைக்கவைகளை வைத்து விம்மல்கள் படிக்கிறோமே, அதே கணக்குதான். பிள்ளைகள் தலைவலி என்பார்கள். பார்க்க வந்த மெக்கானிக் மானிட்டரை மாற்றச் சொன்னார். ஸ்டெபிலைசரை நாலடி தள்ளித் தரையில் வைத்தோம், நெளிவு நின்றது. அந்த மானிட்டர்கள் அதற்கப்புறமும் பல வருடம் ஓடின.

நெளிவு போனாலும் துடிப்பு போகாது. படக்குழாய்த் திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒளிர்ந்து உடனே மங்கும். 60 ஹெர்ட்ஸில், அதுவும் வெள்ளைப் பின்னணியில், பலருக்குக் கண் கூசும். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்களுக்கு அது பெரிய பாடு. இதைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்வீடன் நாட்டு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிசிஓ. 1992 முதல் மானிட்டர்களுக்கு அவர்களே தரச் சான்று கொடுத்தார்கள். 1999-ஆம் ஆண்டு விதியில் படக்குழாய் மானிட்டருக்குக் குறைந்தது 85 ஹெர்ட்ஸ் கேட்டார்கள். ஒரு தொழிற்சங்கம் போட்ட விதி உலகம் முழுவதும் மானிட்டர் செய்பவர்களைக் கட்டுப்படுத்தியது.

ஆனால் 85 சும்மா வராது. 1024 × 768 படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 6.5 கோடி புள்ளிகள் போதும். 85-க்கு 9.45 கோடி வேண்டும். மானிட்டர் விநாடிக்கு 48,000 கோடுகள் வரைந்த இடத்தில் 68,000-க்கு மேல் வரைய வேண்டும். அதற்குத் திராணியில்லாத மானிட்டரில் படம் கிழிந்து ஓடும், அல்லது திரை கறுத்துவிடும். ஒரே அதிர்வெண்ணுக்காகச் செய்த பழைய மானிட்டர்கள் சில கெட்டே போகும். மானிட்டரே "எனக்கு இவ்வளவுதான் முடியும்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஏற்பாட்டை 1994-இல்தான் வீசா என்ற தரநிர்ணயக் கூட்டமைப்பு கொண்டுவந்தது. விண்டோஸில் அமைப்பை மாற்றினால் "இப்படியே வைக்கவா?" என்று கேட்டு, பதில் இல்லையென்றால் 15 விநாடியில் பழையபடி திரும்புகிறதே, அதற்குப் பின்னாலும் இந்த அச்சம்தான்.

எல்சிடி வந்ததும் இந்தப் பேச்சு ஓய்ந்தது. அதில் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த படம் வரும்வரை ஒளியைப் பிடித்து வைத்திருக்கும். எல்லோரும் 60-க்கே திரும்பினார்கள். 2009-ஐ ஒட்டி 120, பிறகு 144 என்று விளையாட்டுக்காரர்களுக்காக எண் மறுபடி ஏறியது. இந்தத் தடவை திணறியது பெரும்பாலும் கேபிள்.

1920 × 1080 படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 14.85 கோடி புள்ளிகள். 1999-இல் வந்த டி.வி.ஐ. ஒற்றை இணைப்பின் எல்லை 16.5 கோடி. 120 ஹெர்ட்ஸுக்கு 29.7 கோடி தேவை. 144-க்கு, திரும்பும் நேரத்தை எப்படி அமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, 32-இலிருந்து 35 கோடி வரை. எச்.டி.எம்.ஐ. 1.4-இன் எல்லை 34 கோடி. விளிம்பில் நிற்பது தெரிகிறதா? 2013-இல் வந்த 2.0 பதிப்பு அதை 60 கோடியாக்கியது.

பழைய அனலாக் கேபிள் கெட்டால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், படம் மங்கும். கேபிள் சரியில்லை என்று பார்த்ததும் தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. எல்லைவரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். தாண்டியதும் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், ஓரிரு விநாடி திரை கறுக்கும். அதனால்தான் "நேற்றுவரை நன்றாக இருந்தது, மானிட்டர் போய்விட்டது" என்று நினைத்துவிடுகிறோம்.

என் பழைய மாணவர் ஒருவர் கல்யாண ஆல்பம் வடிவமைத்துப் பிழைக்கிறார். 144-இல் வைத்தால் திரை கறுக்கிறது என்று கடைக்குக் கொண்டுபோனார். பேனல் போய்விட்டது, பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். முகூர்த்த மாதம், கையில் நாலு ஆர்டர், கடன் வாங்கலாமா என்று எனக்குப் போன் செய்தார். "120-இல் எப்படி?" என்றேன். "சுத்தமா இருக்கு சார்." பேனல் போயிருந்தால் 120-இலும் காட்டிக்கொடுத்திருக்கும். மேசையைச் சுற்றிவந்த ஐந்து மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, நண்பரிடமிருந்து ஒன்றரை மீட்டர் கேபிள் வாங்கி மாட்டச் சொன்னேன். 144-இல் அன்று இரவு முழுக்க வேலை பார்த்தார்.

எல்லாருக்கும் கேபிள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்.

1. ரெஃப்ரெஷ் ரேட்டை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். ஒரு படிக்குக் கீழே எல்லாம் சரியென்றால் கேபிள், போர்ட், இணைப்பான் மீது சந்தேகப்படுங்கள்.
2. சிறிய, நல்ல கேபிளைக் கடன் வாங்கி மாட்டுங்கள். இடையில் கன்வெர்ட்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள்.
3. மானிட்டரின் எல்லா போர்ட்டும் ஒரே திறன் இல்லை. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் முயலுங்கள்.
4. ஃபேன் சுவிட்ச் போடும்போது மட்டும் திரை கறுத்தால் அது மின் இடையூறு. கேபிளை மின்வயரிலிருந்து தள்ளி வையுங்கள்.
5. வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கினால் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்கை அணைத்துப் பாருங்கள்.
6. வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அங்கேயும், 60-இலும், வேறு கேபிளிலும் அதே கோளாறு என்றால்தான் மானிட்டரைச் சந்தேகிக்கலாம்.

கடைக்குப் போகுமுன் இந்த ஆறையும் முடித்து, எந்த எண்ணில் என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் கடைக்காரரும் யோசித்துத்தான் விலை சொல்வார்.