கரும்பாறைகள் அனைத்தும் ஒன்றல்ல: குவாரிக்கு ஏற்றதை அறிவது எப்படி?

மகாராஷ்டிரத்தில் பரவலாகக் காணப்படும் கரும்பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட் ஆகும். இதன் படிகங்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை. படிகங்கள் தெளிவாகத் தெரிந்தால் அது டாலரைட் அல்லது கேப்ரோவாக இருக்கலாம். 'கருப்பு கிரானைட்' என விற்கப்படுபவை பெரும்பாலும் இவையே.

சுத்தியலால் தட்டும்போது கணீரென ஒலிக்கும் பாறை பொதுவாக உறுதியானது. குமிழித் துளைகள் நிறைந்த பசால்ட் அடுக்குகள் வலுக் குறைந்தவை.

எனினும், ஆய்வகச் சோதனையே முடிவானது. சாலை போன்ற தேயும் பரப்புகளின் கான்கிரீட்டுக்கான ஜல்லியின் நொறுங்கு மதிப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 383 தரநிலை. சோதிக்காமல் குவாரி தொடங்கினால் முதலீட்டுடன் கட்டுமானத்தின் உறுதியும் கேள்விக்குறியாகும்.