பூந்தமல்லிச் சீமையின் மிராசுதாரர்களும் எழுத்தும்: 1736–1892

வர்ஜீனியாவின் வெஸ்ட்ஓவர் பண்ணைக்குச் சொந்தக்காரரான இரண்டாம் வில்லியம் பேர்ட், 1709 முதல் 1712 வரை எழுதிய நாட்குறிப்பைக் குறுக்கெழுத்தில் ஒளித்து வைத்தார். காலையில் படித்த கிரேக்கமும், குடித்த பாலும், அடிமைகளுக்கு விழுந்த சவுக்கடியும் அதில் ஒரே நிதானத்தோடு பதிவாகியிருக்கின்றன. தென் கரோலினாவில் அவுரி பயிரிட்ட எலிசா லூக்கஸ் தம் கடிதங்களுக்குப் படி எழுதி வைத்தார். நிலம் யாரிடமோ அவரிடமே பேனாவும் இருந்தது.

அதே நூற்றாண்டில் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஏரிப்பாசன ஊர்களில் பரம்பரை நிலப்பங்குரிமை கொண்டிருந்த மிராசுதாரர்களை நாம் அறிவது வேறு வழியில்தான். கணக்குப்பிள்ளை கீறிய ஓலையும், கூட்டாகக் கையெழுத்திட்ட மனுவுமே அவர்களுடைய தடயங்கள். இங்கே நிலவுரிமை ஊரின் பங்காகவே இருந்தது. சில ஊர்களில் பங்குகளைக் காலாகாலத்தில் மாற்றிக்கொள்ளும் பசுங்கரை முறை. சில ஊர்களில் நிலையாகப் பிரித்துக்கொண்ட அறுதிக்கரை. பண்ணையை நடத்தியவர் தனியொருவர் அல்லர் என்னும்போது, தன் நாளைத் தனக்காக எழுதும் வழக்கம் வேர்விடாததில் வியப்பில்லை.

தன் நாளை எழுதியவர் ஒரு வணிகர். அம்பத்தூருக்குக் கிழக்கே பெரம்பூரில் 1709இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் 1736 செப்டம்பரில் தொடங்கிய நாட்குறிப்பை 1761இல் இறக்கும்வரை விடவில்லை. பிரெஞ்சு ஆளுநர் துப்ளேவுக்கு வந்த கடிதங்களின் சாரம், கப்பல் சரக்கு, சோதிடர் சொன்ன நேரம், யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை என்பதெல்லாம் அதில் உண்டு. பேர்ட் தம் படிப்பைக் குறித்து வைத்தது போலப் பிள்ளை தமக்குக் கிடைத்த மரியாதைகளை எண்ணுகிறார். பின்னாளில் அவருக்குச் செங்கல்பட்டுப் பகுதியின் ஜாகீர்தார் பதவியும் கிடைத்தது. ஆனாலும் அவரை அந்த மண்ணின் பண்ணையாராகக் கொள்ள முடியாது. நாட்குறிப்பின் உயிர் துறைமுகத்திலும் ஆளுநர் மாளிகையிலும்தான் இருக்கிறது.

1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி பூந்தமல்லி உள்ளிட்ட செங்கல்பட்டுப் பகுதியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக விட்டார். 1767 முதல் 1774 வரை கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்டு ஏறக்குறைய 2,000 ஊர்களின் கணக்கைத் திரட்டினார். களத்துமேட்டில் நெல் குவிந்ததும், அரசுக்குரிய மேல்வாரம் பிரியும் முன்பே கோயிலுக்கும், கணக்குப்பிள்ளைக்கும், வெட்டியானுக்கும், தச்சருக்கும், வண்ணாருக்கும் அளந்த பங்கு அதில் தெரிகிறது. மிராசுதாரரின் அன்றாடத்துக்கு இதைவிட நெருங்கிய சான்று அரிது. என்ன படித்தார் என்று அது சொல்லாது. யாருக்கு அளக்கக் கடமைப்பட்டிருந்தார் என்று சொல்லும்.

பேனா மிராசுதாரர் பக்கம் வந்தது, அதுவும் இரவல் பேனாவாக, 1790களில். 1794இல் ஆட்சியரான லயனல் பிளேஸ் தீர்வையை உயர்த்த முனைந்தபோது பூந்தமல்லிப் பகுதி மிராசுதாரர்கள் மறுத்தார்கள். வருவாய் வாரியத்துக்கு மனுக்கள் போயின. சென்னைப் பட்டணத்துத் துபாஷிகளின், அதாவது மொழிபெயர்ப்புத் தரகர்களின், தூண்டுதல் இது என்றார் பிளேஸ். அவர் பேச்சில் எரிச்சல் அதிகம், ஆனால் முழுப்பொய் இல்லை. துபாஷிகள் இந்த ஊர்களில் பங்குகளை வாங்கியிருந்தார்கள். கும்பினி அலுவலகத்துக்கு எப்படி எழுதினால் காது கொடுப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆக, மனுவில் கேட்கும் குரலில் ஊர்க்காரர் எவ்வளவு, பட்டணத்தார் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பணியாத சிலருடைய மிராசைப் பறித்த அதே பிளேஸ், 1799இல் எழுதிய அறிக்கையில் மிராசு முறையை விரிவாக விளக்கினார். சென்னை ஆட்சியராக இருந்த எல்லிசின் பெயரில் 1818இல் அச்சான மிராசு நூலுக்குச் சங்கரய்யா போன்ற உள்ளூர் அறிஞர்களின் உழைப்பு அடித்தளமானது. வாய்வழக்காக இருந்த உரிமை இதன்பின் சட்ட வாதமாயிற்று. மனு எழுதத் தெரிந்தவருக்கே அது பயன்பட்டது.

வயலில் இறங்கியவர்கள், பெரும்பாலும் பறையர் குலத்துப் படியாட்கள், இந்தக் காகிதங்களில் கையெழுத்தாளர்களாக இல்லை. வர்ஜீனியாவோடு ஒப்பிடத்தக்க இடம் இதுதான், வேறுபாடுகள் பல இருந்தாலும். இங்கே படியாளைக் கட்டிவைத்தது கடனும் பிறப்பும். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஆதரவை நீக்கிய பிறகும், குடியிருக்கும் மனை மிராசுதாரருடையது என்ற காரணமும் படியாட்களை நகரவிடவில்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு இந்தக் கட்டைத்தான் பேசியது: மனையில்லாமை, கடன், தரிசு கேட்டால் மிராசுதாரர் எழுப்பும் முன்னுரிமை வாதம். 1892இல் வந்த அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்க வழிவிட்டது. பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நிலங்கள் கைமாறிய வழக்குகள் இன்னும் முடியவில்லை.