திவால் அறிவிப்பும் எதிர்க்கோரிக்கையும்: 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு

அடையாறில் குடியிருக்கும் கடனாளிக்குப் பொருந்துவது 1909ஆம் ஆண்டு மாகாணத் தலைநகரத் திவால் சட்டம். சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள தாம்பரத்துக்காரருக்கோ 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். 2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்தொகுப்பு இவ்விரண்டையும் நீக்க வகைசெய்தும், அதற்கான 243ஆம் பிரிவு இன்னும் நடப்புக்கு வரவில்லை. தனிநபர் பற்றிய பகுதி 2019 டிசம்பர் 1 முதல் நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே செல்லும். ஆகவே தென்புறநகரின் சிறு வணிகர் இன்றும் பழைய சட்டத்தின் பிடியில்தான் இருக்கிறார்.

1978ஆம் ஆண்டுத் திருத்தம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் திவால் அறிவிப்பைச் சேர்த்தது. இறுதியாகிவிட்ட பணத் தீர்ப்பாணையை வைத்திருப்பவர் அறிவிப்பு அனுப்பலாம். கடனாளி அதற்கு இணங்காவிட்டால் அதுவே திவால் செயல். அறிவிப்பை ரத்து செய்யக் கோரும் காரணங்களில் ஒன்று, தீர்ப்பாணைத் தொகைக்குச் சமமான அல்லது மிகையான எதிர்க்கோரிக்கையோ எதிரீடோ கடனாளிக்கு இருப்பது. ஆனால் மூல வழக்கில் அதைச் சட்டப்படி எழுப்ப முடியாமல் இருந்திருக்க வேண்டும். சிக்கல் இந்த நிபந்தனையில்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளை 6அ விதி 1977 பிப்ரவரி 1இல் நடப்புக்கு வந்தபின், நட்டஈட்டுக் கோரிக்கையைக்கூட அதே வழக்கில் எழுப்பலாம். அப்படியானால் இந்தக் காரணம் வெறும் ஏட்டெழுத்து என்று கடன் கொடுத்தவர் வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. 6அ விதி வந்த மறு ஆண்டிலேயே நாடாளுமன்றம் இச்சொற்களை எழுதியது. பயனற்ற சொற்களை எழுதியதாகக் கொள்வது முறையல்ல. தவிர, அந்த விதிக்கே எல்லைகள் உண்டு. எதிர்வழக்குரை தாக்கலான பின்னர் பிறந்த உரிமை அதில் அடங்காது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் பணவரம்பை மீறிய கோரிக்கையும் அடங்காது. குரோம்பேட்டைப் பட்டறைக்காரர் ஒருவர் மேல் 4 லட்ச ரூபாய்க்குத் தீர்ப்பாணை இருக்கிறது என்று கொள்வோம். அவர் எதிர்வழக்குரை தந்த பிறகு, தீர்ப்பாணை பெற்ற வணிகரே அனுப்பிய பழுதான சரக்கால் 6 லட்சம் நட்டமானால், அவருக்குக் கதவை அடைத்தது சட்டமே; அவருடைய அசட்டை அல்ல. 37ஆம் கட்டளையின் சுருக்க வழக்கில் எதிர்த்து வாதாட அனுமதி மறுக்கப்பட்டவரையும் இவ்வகையில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே எடைபோடப்படுவது வாதியின் கோரிக்கைக்கு மறுப்பு உண்டா என்பதே. பிரதிவாதியின் தனி உரிமை அல்ல.

தீர்ப்பாணை பெற்றவரை இது இழுத்தடிக்கும் என்ற ஆட்சேபம் வலுவானது. ஆயினும் அறிவிப்பு ரத்தானாலும் தீர்ப்பாணை அப்படியே இருக்கும்; நிறைவேற்று மனு போட்டுச் சொத்தை ஜப்தி செய்யத் தடையில்லை. அவர் இழப்பது திவால் என்னும் ஆயுதத்தை மட்டுமே. அந்த ஆயுதத்தின் கடுமையோ பெரிது: விடுவிக்கப்படாத திவாலானவர் அரசமைப்பின் 102, 191ஆம் உறுப்புகளின்படி நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் உறுப்பினராக முடியாது. நடுவர் தீர்ப்பை வைத்துத் திவால் அறிவிப்பு தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பரம்ஜீத் சிங் பதேஜா வழக்கில் சொன்னபோதும் சட்டத்தைக் கண்டிப்பாகவே படித்தது.

போலிக் கோரிக்கைகள் பெருகும் என்பது மற்றொரு ஆட்சேபம். 2017இல் மோபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களுக்கு வகுத்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும்: தகராறு மெய்யாக நிரூபணமாக வேண்டியதில்லை, வெறும் புனைவாகவும் இருக்கக் கூடாது. அங்கே கடனே தீர்க்கப்படாதது, இங்கே தீர்ப்பாணை உண்டு என்பார்கள். உண்மைதான்; ஆனால் எதிர்க்கோரிக்கை இங்கும் தீர்க்கப்படாததுதான், அளவுகோல் அதற்கே. ரசீது, கடிதம், சரக்குப் பதிவேடு ஆகியவற்றைக் கேட்டுப் பார்த்து, நேர்மையாக விசாரிக்கத்தக்கதா என்று மட்டும் திவால் நீதிமன்றம் முடிவு செய்தால் போதும். தொகையைத் தீர்மானிப்பது தனி வழக்கின் வேலை.

கடனாளி இந்த மனுவை அறிவிப்பில் குறித்த காலத்துக்குள் போட வேண்டும். அக்காலம் ஒரு மாதத்துக்குக் குறையக் கூடாது. தவறவிட்டால் கோரிக்கை எவ்வளவு பெரிதானாலும் திவால் செயல் நிறைவேறிவிடும். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவர் திவால் மனு தாக்கல் செய்யலாம்.