சட்டாம்பிள்ளைகளும் கணனியும்



ஆசிரியருக்குப் பழக்கமில்லாத ஒரு கருவியை வகுப்பில் கையாள மாணவன் உதவுவது, கணனியோடு வந்த புதுமை என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சென்னைக்கு முக்கிய இடமுண்டு. அங்கு பயன்பட்ட கருவியோ வெறும் மணல்.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மதகுரு அன்ட்ரூ பெல், 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வையாளரானார். படைவீரர்களின் பிள்ளைகள் அங்கு படித்தார்கள். ஒருநாள் அவர் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து செல்கையில், பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலிலே விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மணலுக்குச் செலவில்லை. பிழைத்தால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் நம் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிறோமே, அதே வழிதான்.

பெல் இதைத் தம் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்று தட்டிக் கழித்தார்கள். ஆகவே ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். பின்னர் மற்ற வகுப்புகளிலும் மாணவர்களே கற்பிக்கத் தொடங்கினார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தது நாம் அறிந்ததே.

1796 இல் சென்னையை விட்டுச் சென்ற பெல், அடுத்த ஆண்டு இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 1798 இல் ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் தொடங்கிய பள்ளியிலும் இதையொத்த முறை வளர்ந்தது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான மாணவர்கள், இடையில் சட்டாம்பிள்ளைகள். இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் எழுந்த பாடசாலை இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது.

நான் கணக்காளன். எதையும் வரவு செலவாகப் பார்ப்பது என் பழக்கம். இம்முறை பரவியதற்கு முக்கிய காரணம் அதன் மலிவுதான். ஆசிரியர் சம்பளம் மிச்சமானது. ஆனால் கற்பித்த சிறுவனின் சொந்தப் படிப்பு என்னவாயிற்று? தான் அரைகுறையாகக் கற்றதையே அவன் பிறருக்கு ஒப்புவித்தான். இக்குறை வெளிப்படையான பின், 1846 இல் இங்கிலாந்து வேறொரு வழிக்கு வந்தது. 13 வயது முதல் ஐந்து ஆண்டுகள் பயிலும் மாணவ ஆசிரியருக்கு அரசு உதவித்தொகை வழங்கியது. அவருக்குத் தனியே பாடம் சொல்லித் தரும் தலைமையாசிரியருக்கும் கொடுப்பனவு கிடைத்தது. சிறுவனின் உழைப்பு கணக்கில் ஏறியது.

1990களில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் டெனிஸ் ஹார்ப்பர் தொடங்கிய 'ஜெனரேஷன் யெஸ்' திட்டமும் இதை உணர்ந்திருந்தது. அதில் ஒரு மாணவர் ஒரு ஆசிரியரோடு சேர்ந்து பாடம் தயாரிப்பார். பாடப்பொருள் ஆசிரியருடையது, கணனி வேலை மாணவருடையது. அந்த உதவி மாணவருக்கு ஒரு பாடநெறியாகவே கொள்ளப்பட்டது.

இனி நம்மிடம் வருவோம். 2020 இல் பெருந்தொற்றால் கதவுகள் மூடப்பட்டபோது, நான் கணக்கெழுதும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை நின்றுவிடவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் நம் மூத்த ஆசிரியர்களுக்குத் தொலைபேசியில் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்து, வகுப்புகளைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். பயிற்சித்தாள்களைத் தமிழில் தட்டச்சும் செய்தார்கள். அப்போது 'ர' வா 'ற' வா என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டியிருந்தது. உதவ வந்த பிள்ளை இப்படித்தான் தமிழ் படித்தது.

மண்டப வாடகையும் புத்தகச் செலவும் நம் பேரேட்டில் உண்டு. அந்தப் பிள்ளைகள் செலவிட்ட மணித்தியாலங்கள் இல்லை. அவற்றையும் பதிவேட்டில் எழுதுவோம், பரிசளிப்பு விழாவில் பெயர் சொல்லிப் பாராட்டுவோம். அவர்கள் உதவும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆசிரியர் அவர்களோடு அமர்ந்து அரை மணி நேரமாவது தமிழ் வாசிக்கட்டும். இந்த வயதில்தான் பல பிள்ளைகள் தமிழ் வகுப்பை விட்டு விலகுகிறார்கள். இலவச வேலையாட்களாக மட்டும் வைத்திருந்தால் அவர்களும் போய்விடுவார்கள். பெற்றோரும் நிர்வாகத்தினரும் இதைப் பற்றிப் பேச வேண்டும்.